ஆர்வோ வீட்டுச் சமையலறை விளக்கு

அன்று அந்தச் சமையலறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: என் தம்பி ஆர்வோ லெப்பலா, அவன் மகன் ராண்டல், ராண்டலின் மனைவி ஜோடி, என் மகன் டென்னி, பிறகு நான், ஹெல்மி. எதிர்வீட்டு மிட்ஸி காலையில் வந்தாள். வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள். சுவிட்ச்சைக் கழற்றியபோது அவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது தானும் அங்கே இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

நன்றியறிதல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை அது. மான் வேட்டை முடிந்திருந்தது. ஏரி கரையோரமாக உறையத் தொடங்கி, நடுவில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. வான்கோழியின் மிச்சம் ஒரு பெரிய பாத்திரத்தில் அடுப்பின் பின்பக்கம் சூடாகிக்கொண்டிருந்தது. ஜோடி நகரத்திலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒரு சாலட் யாரும் தொடாமல் இருந்தது.

ஆர்வோ நாற்பது வருடம் இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டியவன். வீட்டளவு உயரமான அந்த லாரியில் ஏறி இறங்கியே முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மனைவி லோர்னா இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தான். தனியாக இருப்பதில் அவனுக்குக் குறை எதுவும் கிடையாது. விறகு பிளந்தான், மீன் பிடித்தான், புதனும் சனியும் கொல்லைப்புறத்துச் சௌனாவில் தீ மூட்டி, சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி வியர்க்க உட்கார்ந்தான். அக்டோபரில் ஒரு விடியற்காலை இருட்டில் சுவிட்ச்சைத் தடவிக்கொண்டு போனபோது நாற்காலி தடுக்கி விழுந்து புருவம் கிழிந்தது. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

மினியாபொலிஸிலிருந்து ராண்டல் ஓடிவந்தான். அப்பா எங்களோடு வந்துவிடட்டும் என்றான். ஆர்வோ மாட்டேன் என்றான். இரண்டு பேரும் குரலை உயர்த்தாமல் ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டார்கள். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. ராண்டல் வீடு முழுக்கப் புது சுவிட்ச் வைப்பான். போனிலிருந்தே போடலாம், அணைக்கலாம், நேரம் குறித்து வைத்தால் தானாக எரியும். அவை ஒழுங்காக வேலை செய்தால் ஆர்வோ இந்த வீட்டிலேயே இருக்கலாம். செய்யாவிட்டால் வசந்தம் வருவதற்குள் பெட்டியைக் கட்ட வேண்டும். இந்த நிபந்தனைக்கு ஆர்வோ என் முன்னால்தான் தலையாட்டினான். அவன் பிறந்ததே அந்த வீட்டின் மேல்மாடி அறையில்.

மற்ற விளக்குகள் எல்லாம் சொன்னபடி கேட்டன. சமையலறை விளக்கு மட்டும் கேட்கவில்லை. சாயங்காலம் இருட்டும்போது ஒழுங்காக எரியும். காலைக்கு நேரம் குறித்திருந்தது அது ஒன்றுக்குத்தான், ஐந்தரைக்கு. அப்போது எரியாது. ஆர்வோ எழுந்து வந்து கையால் தட்டினால்தான் எரியும். அதுதான் முக்கியமான விளக்கு, அவன் விழுந்ததே அங்கேதான். ஒவ்வொரு நாளும் காலையில் ராண்டலின் போனில் சிவப்பாக ஏதோ காட்டும். நன்றியறிதல் விருந்து மேசையிலேயே அவன் மருத்துவரின் பேரைச் சொல்லி, மினியாபொலிஸில் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஓர் அறை காலியாக இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஆர்வோ கரண்டியை வைத்துவிட்டான். அதனால்தான் நான் டென்னியை அழைத்தேன். அவன் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன்.

டென்னி வந்ததும் ராண்டலிடம் முதலில் கேட்டது, "என்ன மச்சான், ஒரு பல்பு போட ஊருல இருந்து ஆளக் கூட்டிட்டு வரணுமா?" என்றுதான்.

"பல்பு இல்லடா, சுவிட்ச்."

"சாயங்காலம் ஜோரா எரியுது, காலைல செத்துக் கெடக்குதுங்கிற. என்ன மாதிரியே அதுக்கும் காலைல எந்திரிக்கப் பிடிக்கல போல."

ஆர்வோ சிரிக்கவில்லை. நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவன்போல உட்கார்ந்திருந்தான்.

டென்னி நிலவறைக்குப் போய் மெயினை அணைத்துவிட்டு வந்தான். சுவிட்ச்சின் மூடியைக் கழற்றி, பெட்டிக்குள்ளிருந்து வயர்களை வெளியே இழுத்தான். துணி சுற்றிய பழைய வயர்கள். எங்கள் அப்பா கையால் போட்டவை. ராண்டல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இந்த வயரிங்தான் காரணமாக இருக்கும், முழுக்க மாற்றாமல் எதுவும் சரிவராது என்றான்.

"உங்க தாத்தா போட்ட வயரிங்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு பியூஸ் போனதில்ல" என்றேன்.

"நான் குறை சொல்லல அத்தை."

"சொல்லாத."

டென்னி பார்த்தான். ஒரு முனை மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது, அதை முறுக்கிக் கட்டினான். மெயினைப் போட்டுவிட்டு வந்து டெஸ்டரை வைத்தான். பேஸ் சரியாக வந்தது. நியூட்ரல் இருந்தது. அதை முறுக்கிக் கட்டினான். வயரிங்கில் கோளாறு இல்லை என்று ராண்டலைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்துச் சொன்னான். பிறகு ராண்டலின் முறை. சுவிட்ச்சின் பொத்தானை நீல விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடித்தான். போனிலிருந்து அதை அழித்தான். மறுபடியும் சேர்த்தான். விளக்கு எரிந்தது. அணைந்தது. ஒரு சின்ன இடைவெளி வைத்து நேரம் குறித்தான். எல்லோரும் தலையைத் தூக்கிக் காத்திருந்தோம். எரிந்தது. ஃப்ரீசர் ஓடும்போது பார்த்தான். தண்ணீர் மோட்டார் ஓடும்போது பார்த்தான். எரிந்தது. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவனுக்கு ஆத்திரம்.

மதியம் வான்கோழிச் சூப்பும் மிட்ஸியின் ரொட்டியும் சாப்பிட்டோம். அப்போதுதான் ஜோடி கேட்டாள். அவளை நான் அதுவரை பெரிதாக மதித்ததில்லை. ஆனால் சரியான கேள்வியைக் கேட்டவள் அவள்தான்.

"மாமா, ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணுவீங்க?"

ஆர்வோ யோசித்தான். நிலவறைக் கணப்பில் கட்டையைத் தள்ளி மூடியைச் சாத்துவேன் என்றான். பின்கதவைத் தாழிடுவேன். டிவி பிளக்கைப் பிடுங்குவேன், ரேடியோ பிளக்கைப் பிடுங்குவேன், காபி பாத்திரத்துப் பிளக்கைப் பிடுங்குவேன், அந்தப் பெட்டி பிளக்கைப் பிடுங்குவேன்.

"எந்தப் பொட்டி?" என்றான் ராண்டல்.

"முன்னறைல, பச்சையா மினுக்கிட்டே இருக்குமே."

டென்னி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். ராண்டல் சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் நின்றான். அந்தப் பெட்டி வழியாகத்தான் எல்லா சுவிட்ச்சுக்கும் உத்தரவு வரும் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். ஆர்வோ ராத்திரி முழுக்க அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, காலையில் எழுந்து, விளக்கைக் கையால் போட்டு, காபி பாத்திரத்தோடு சேர்த்து அதையும் செருகிவிட்டு, விளக்கு ஏன் தானாக எரியவில்லை என்று தானும் வருத்தப்பட்டிருக்கிறான்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நாங்கள் பிறந்து வளர்ந்த அந்தத் தெரு முழுக்கச் சுரங்கக் கம்பெனி கட்டிய மரவீடுகள். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு வீட்டில் ரேடியோ வயரில் தீப்பிடித்து இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள். அதன் பிறகு ஃப்ரீசரைத் தவிர மற்ற எல்லாப் பிளக்கையும் பிடுங்காமல் எங்கள் தெருவில் யாரும் படுத்ததில்லை. ஜெபம் சொல்வதற்கு முன்னால் சுற்றி வந்து பிடுங்குவது பிள்ளைகளின் வேலை. ராண்டலும் அப்படி வளர்ந்தவன்தான். மறந்துவிட்டான்.

டென்னி காரிலிருந்து ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்து, அந்தப் பிளக்கின்மேல் வைத்து நான்கு பக்கமும் திருகிவிட்டான். இனி மாமா நினைத்தாலும் பிடுங்க முடியாது என்றான். ராண்டல் அப்பாவின் தோளில் கை போட்டான். அதை நான் வருடக்கணக்கில் பார்த்ததில்லை.

"அப்ப நான் எந்திரிக்காட்டியும் அது எரியும்?" என்று கேட்டான் ஆர்வோ.

"நீங்க குறட்டை விட்டுட்டே இருந்தாலும் எரியும்ப்பா."

ஆர்வோ ஜன்னல் பக்கம் திரும்பினான். தெருவுக்கு அந்தப் பக்கம் மிட்ஸியின் சமையலறை ஜன்னல். "மிட்ஸி" என்றான். அதற்குமேல் சொல்லவில்லை.

"அவங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அந்த ரொட்டிய இன்னும் ரெண்டு துண்டு வெட்டு."

அவன் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியும். முதல் ஷிப்ட் போகிறவர்கள் இருந்த காலத்திலிருந்து எங்கள் தெருவில் காலைச் சமையலறை விளக்கு என்பது, எழுந்துவிட்டேன் என்று சொல்வது. எதிர்வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஆர்வோ விளக்கைப் போடுவான். மிட்ஸி தன் ஜன்னல் திரையை மேலே ஏற்றுவாள், பார்த்துவிட்டேன் என்று. அவள் ஸ்லோவேனியக்காரி, நாங்கள் ஃபின்லாந்துக்காரர்கள், வீட்டுக்கு வீடு நட்பெல்லாம் பெரிதாகக் கிடையாது. இதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் கிடையாது. பேசினால் அது அக்கறை ஆகிவிடும். அன்று ஆர்வோ இதைச் சொல்லியிருந்தால், உயிரோடு இருக்கிறானா என்று தினமும் ஒருத்தி பார்க்கவேண்டிய நிலையில் தான் இருப்பதை மகன் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். ராண்டல் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பான். எங்கள் குடும்பத்தில் ஓர் ஆண்பிள்ளை முடிக்காத வாக்கியத்தை இன்னொருவர் முடித்து வைப்பதில்லை. நான் ரொட்டியை வெட்டினேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு விளக்கு எரிந்தது. அதற்கு மறுநாளும் எரிந்தது. ராண்டல் போனில் கூப்பிட்டு, எல்லாம் பச்சையாக இருக்கிறது அத்தை என்றான். கீழ்த்தளத்து அறையைப் பற்றிய பேச்சு நின்றுபோயிற்று. கிறிஸ்துமஸுக்கு ஆர்வோ ஊறவைத்த மீன் சமைத்து எங்கள் எல்லோரையும் கூப்பிட்டான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் லோர்னா இருந்தபோது பார்த்ததுதான்.

ஜனவரியில் குளிர் இறங்கியது. மூச்சை இழுத்தால் மூக்குமுடி ஒட்டிக்கொள்ளும் குளிர். அப்படி ஒரு வியாழக்கிழமை காலையில் மிட்ஸி எனக்குப் போன் செய்தாள். அவள் எனக்குப் போன் செய்வது கிடையாது.

"ஆர்வோ நிலவறைல விழுந்து கெடக்கான். ஆம்புலன்ஸ் வந்துட்டு இருக்கு. மூச்சு இருக்கு."

டென்னி காரை எடுத்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆர்வோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் சாம்பல் நிறம். உருளைக்கிழங்குச் சாக்குகளைத் தன்மேல் இழுத்துப் போட்டிருந்தான். அதில் ஒன்றை விடவேயில்லை, சாக்கோடுதான் வண்டியில் ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கணப்பில் கட்டை போட இறங்கியவன் கடைசிப் படியில் சறுக்கியிருக்கிறான். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. போன் மேலே, ரொட்டி டப்பாவின்மேல் இருந்தது. புதன் மதியம்வரை கணப்பு சூடு தந்திருக்கிறது. பிறகு அணைந்துவிட்டது.

டென்னி ஆம்புலன்ஸின் பின்னாலேயே போனான். வீட்டில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும் என்பதால் நான் நின்றுகொண்டேன். மிட்ஸியும் நின்றாள். இரண்டு கிழவிகளும் விறகு சுமந்து இறங்கி, சாம்பலை வாரி, கணப்பை மூட்டினோம். ஹேர் டிரையரைக் குழாயில் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றோம். அவன் விழுந்து கிடந்த இடத்தை நான் சோப்புப் போட்டுக் கழுவினேன். அதை மிட்ஸியைச் செய்யவிடவில்லை. எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். வெளிச்சம் இருந்தது, புகை இல்லை என்றாள். இந்தக் குளிரில் புகைபோக்கி சும்மா நிற்பதைப் பார்த்து வந்தாளாம்.

வேலை முடிந்து சமையலறையில் உட்கார்ந்தோம். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்து விளக்கைப் போடக்கூட எங்களுக்குத் தெம்பில்லை. அப்போது தலைக்கு மேலே விளக்கு எரிந்தது.

மிட்ஸி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். முன்னறையைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள்.

"யாரு இருக்கா உள்ள?"

"யாருமில்ல."

"லைட்ட யாரு போட்டா?"

"தானா எரியும். ராண்டல் வச்சுட்டுப் போனது. இருட்டினா எரியும். காலைல அஞ்சரைக்கு எரியும்."

"காலைல?"

"ஆமா."

அவள் மெல்ல உட்கார்ந்தாள். கையில் சாம்பல் அப்படியே இருந்தது. "எப்பலருந்து?" என்றாள்.

"நீ ரொட்டி கொண்டுவந்த அன்னைலருந்து."

அவள் ஜன்னல் வழியே தன் வீட்டைப் பார்த்தாள். இங்கிருந்து அவள் திரை நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்துப் பழகியவள்.

"நேத்து காலைல நான் திரைய ஏத்தினேன் ஹெல்மி. இந்தா, எந்திரிச்சுட்டான் கெழவன்னு சொல்லிட்டு ஏத்தினேன். முந்தாநாள் சூப் மிச்சம் இருந்துச்சு, கொண்டு வரலாமான்னு யோசிச்சேன். எந்திரிச்சு நல்லாத்தானே இருக்கான், எதுக்குன்னு விட்டுட்டேன்." நிறுத்தினாள். "ரெண்டு மாசமா நான் யாருக்குத் திரைய ஏத்திட்டு இருந்தேன்?"

நான் ஓர் ஈரத்துணியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதை எடுக்கவில்லை.

"அவன் ஏன் சொல்லல?"

"சொன்னா மகன் கூட்டிட்டுப் போயிருவான்னுதான்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் கோட்டை எடுத்து மாட்டினாள். பொத்தானைப் போட அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. போகும்போது கதவை அறையவில்லை. அறைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மருத்துவமனையில் குளிரில் உறைந்து கறுத்துப்போன ஆர்வோவின் இடது கால் விரல்களை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது நாள்தான் தெளிவாகப் பேச்சு வந்தது. கட்டிலுக்கு ஒரு பக்கம் ராண்டலும் ஜோடியும், இன்னொரு பக்கம் நான். ராண்டல் புதன்கிழமை இரவு போன் செய்திருக்கிறான். யாரும் எடுக்கவில்லை. சௌனா நாள்தானே என்று நினைத்திருக்கிறான். தன் போனில் சமையலறை விளக்கு எரிவதாகக் காட்டியதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறான். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கருவியில்தான் ஏதோ கோளாறு, கம்பெனிக்கு எழுதுகிறேன், விடமாட்டேன் என்றான்.

ஆர்வோ கண்ணைத் திறக்காமலே பேசினான்.

"கோளாறு இல்லடா. நல்லா வேல செஞ்சுது. விழுந்த அன்னைக்கு சாயங்காலம் எனக்கு நெனவில்ல. காலைல டான்னு எரிஞ்சுது. நிலவறைக் கதவு இடுக்குல வெளிச்சம் கோடு மாதிரி விழுந்துச்சு. யாரோ வந்துட்டாங்கன்னு நெனச்சுக் கத்தினேன். தொண்டை போற வரைக்கும் கத்தினேன். மேல நடக்கிற சத்தமே இல்ல. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. மறுநாளும் எரிஞ்சுது. அன்னைக்குக் கத்தல."

ராண்டல் எழுந்து வெளியே போனான். வராந்தாவில் அவன் முதுகு சுவரில் மோதும் சத்தம் உள்ளே கேட்டது. ஜோடி என்னைப் பார்த்தாள். மிட்ஸி, மிட்ஸி என்று மாமா மயக்கத்தில் ஏதோ திரையைப் பற்றிச் சொன்னாரே, அது என்ன என்று கேட்டாள். நான் முழுவதையும் சொன்னேன். எங்கள் தெருக்காரி அல்லாத ஒருத்தியிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்டு முடித்துவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இத ஒரு வார்த்தை எங்ககிட்ட யாராவது சொல்லியிருக்கலாமே அத்தை."

ஆர்வோ வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்தக் காலோடு அந்தப் படிகளில் ஏறி இறங்க முடியாது. மினியாபொலிஸுக்கும் போகவில்லை. எங்கள் ஊர் முதியோர் விடுதியில் இருக்கிறான். ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. அங்கே எல்லா விளக்கையும் செவிலியர்கள் போடுகிறார்கள், அணைக்கிறார்கள். வீட்டை ராண்டல் விற்கவில்லை. ஆளிருப்பதுபோலத் தெரியட்டும் என்று சுவிட்ச்சுகளை அப்படியே விட்டிருந்தான். யாருமில்லாத அந்தச் சமையலறையில் தினமும் காலை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிப்ரவரியில் மிட்ஸி டென்னியிடம் சொல்லியனுப்பினாள். எனக்கல்ல, அவனுக்கு. அதை நிறுத்து, இல்லாவிட்டால் நானே கல்லெடுத்து உடைப்பேன் என்று. டென்னி போய் அதைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண சுவிட்ச்சைப் போட்டான். ராண்டலிடம் கேட்கவில்லை. ராண்டலும் பிறகு கேட்கவில்லை.

கூட்டுறவுக் கடையில் பலதும் பேசுகிறார்கள். பேசுபவர்களில் பாதிப் பேர் லெப்பலா குடும்பத்தின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. கேட்டும் கேட்காததுபோல நான் சாமான் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஒன்றைத் தவிர. எதிர்வீட்டு மிட்ஸிக்கு வயதாகிவிட்டது, குளிருக்குப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள், அந்த இரண்டு நாளும் ஜன்னல் பக்கமே வரவில்லை, அதனால்தான் ஆர்வோ அப்படிக் கிடந்தான் என்கிறார்கள். அது உண்மையல்ல. புதன்கிழமை காலையில் மிட்ஸி பார்த்தாள். வியாழக்கிழமை காலையிலும் பார்த்தாள். இரண்டு நாளும் விளக்கு எரிந்தது.